சூதுக்கு ஒரு பூச்சுப் பெயர்

சிங்கப்பூரின் மரீனா விரிகுடாக் கரையில் 55 மாடி கொண்ட மூன்று நெடுங்கட்டடங்கள்; அவற்றின் தலைமேல் கப்பல் போன்றதொரு வான்தோட்டம். 2010இல் திறக்கப்பெற்ற அவ்விடுதியின் மடியில் வளர்வதோ சூது! அதற்கு ‘ஒருங்கிணைந்த உல்லாசத்தளம்’ என்று பெயர். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டிற்குச் ‘சூதாட்ட விடுதி’ என்னும் சொல்லா கிட்டவில்லை? வாய் கூசியிருக்கும்! (உல்லாசம் வடசொல், இங்கு அதன் வேலை மறைப்பது.)

அவ்வரசு உண்மை அறியாததன்று. தன் குடிமகன் அச்சூதுக்கூடத்தில் கால் வைக்க 24 மணி நேரத்திற்கு 100 வெள்ளி நுழைவுவரி விதித்தது. 2019இல் அதனை 150 ஆக்கிற்று. சூதில் அழிவானை உள்ளே விடாது தடுக்குமாறு அவன் குடும்பத்தாரே முறையிடவும் வழி செய்தது. நன்று! தன் பிள்ளைக்கு நஞ்சென்று வேலியிட்டவர் அயலானுக்கு என் செய்தனர்? அவன் கடவுச்சீட்டைக் காட்டினாற் போதும், வரியின்றி நுழையலாம். பெருந்தொகை வைத்தாடுவானுக்கு அறையும் உணவும் விலையின்றித் தருவதும் இத்தகு விடுதிகளின் வழக்கம். தூண்டிற்காரன் மீனிடம் இரைக்கு விலை கேட்பதுண்டோ?

நம்மூரிலிருந்து சென்று, அங்குத் தங்கியதைப் படங்காட்டிப் பெருமை பேசும் தமிழரே, அந்த வரியில்லா வாயில் உமக்காகத்தான் திறந்திருக்கிறது.