தூணில்லா மாடியின் விலை

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் நம் முன்னோர். நம் தாமான்களில் வரிசை வீடு வாங்கிய பெற்றோர் பலர், பிள்ளைகள் வளர்ந்ததும் அந்தப் பழமொழியை மீண்டும் சந்திக்கிறார்கள். அறை போதவில்லை, பக்கவாட்டில் இடமில்லை. மிஞ்சியிருப்பது கார் நிறுத்துமிடத்துக்கு மேலுள்ள வெளிதான். "மாடியை முன்னால் இழுத்துவிடலாம், தூணே வேண்டாம்" என்கிறார் குத்தகையாளர். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலையும் சொல்கிறார். கட்டடப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அந்தச் சதுர அடிக் கணக்கை நான் ஏற்கவில்லை.

இருபுறமும் தாங்கி நிற்கும் உத்திரமும், ஒருபுறம் மட்டும் பிடித்துக்கொண்டு நீண்டு நிற்கும் உத்திரமும் ஒன்றல்ல. நீளமும் பாரமும் ஒன்றாகவே இருந்தாலும், பின்னதை வளைக்கும் விசை 4 மடங்கு. 3 அடி நீட்டத்தை 6 அடியாக்கினால் பரப்பு 2 மடங்குதான் கூடும். வளைக்கும் விசையோ 4 மடங்காகும். உத்திரத்தின் தடிமனை மாற்றாவிட்டால் நுனி 16 மடங்கு தாழும். எனவே தடித்த உத்திரம், கூடுதல் கம்பி, பின்புறத்தை அமுக்கிப் பிடிக்கப் போதிய பாரம், பழைய தூண்களையும் அடித்தளத்தையும் சோதித்தல் எல்லாமே செலவில் சேரும். சதுர அடி விலையில் இவை தெரியமாட்டா.

மற்றொன்று, சாதாரணத் தளத்தில் நடுப்பகுதியின் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். நீட்டிய தளத்தில் அது மேலே இருக்கவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால் தளத்தின் பலம் குறைந்துவிடும். பூச்சு வேலை முடிந்தபின் யார் கண்ணுக்கும் அது தெரியாது.

பொறியியலாளர் கட்டணமும் ஊராட்சி மன்ற அனுமதியும் வீண்செலவு என்பார் உண்டு. நம் நாட்டின் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய வேலைக்கு முன்அனுமதி தேவை. மீறினால் அபராதம் மட்டுமல்ல, கட்டியதை இடிக்கும் உத்தரவும் வரலாம்.

என் கருத்து இதுதான்: முன்னால் 2 தூண் நிறுத்துங்கள். அவற்றுக்கும் அடித்தளம் வேண்டும். ஆயினும் பெரும்பாலும் அதுவே மலிவு. தூண் அழகைக் கெடுக்கும் என்பவர்கள், அந்த அழகுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்றாவது தெரிந்து கொடுக்கட்டும்.

செலவாவது நம் பெற்றோரின் வாழ்நாள் சேமிப்பு. எனவே மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது அப்பாவுடன் அமர்ந்து குத்தகையாளர் கொடுத்த விலைப்பட்டியலைப் படியுங்கள். வரைபடத்தில் பொறியியலாளர் கையொப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.