கோட்டு வாடகை எதற்கு? கட்டம் போட்ட சட்டை போதுமே!



பிரிவு உபசார விழா நெருங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் இப்பவே கோட்டு, சூட்டு பேச்சை ஆரம்பிச்சாச்சு. யாருக்கு நீலம், யாருக்குக் கறுப்பு, எந்தக் கடையில் வாடகை குறைவு என்று ஒரே ஆராய்ச்சி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாடகைக் கோட்டு வேண்டாம். தோள் தொங்கும், கை விரலை மூடும், மத்தியான வெயிலில் உள்ளே ஆவி பறக்கும். போட்டோவில் பார்த்தால் எல்லோரும் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரியே இருக்கிறோம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. போன வருஷம் விழாவுக்குச் சில அண்ணன்கள் வரவே இல்லை. கேட்டதற்குக் காய்ச்சல் என்றார்கள். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் காய்ச்சலா? கோட்டுக்குக் காசு இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்!

சரி, கோட்டு இல்லாமல் ஸ்டைலாக இருக்க முடியாதா? முடியும். இப்போது ரீல்ஸில் 'ப்ரெப்பி' என்று ஒரு ஸ்டைல் சுற்றுகிறதே, பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் பணக்காரப் பள்ளிகள் உண்டு. அவற்றை 'ப்ரெப் ஸ்கூல்' என்பார்கள். அந்தப் பிள்ளைகள் உடுத்தும் விதம்தான் ப்ரெப்பி. காலரில் சின்னப் பட்டன் வைத்த சட்டை, காலர் வைத்த டி-சர்ட், காக்கி பேன்ட், ஸ்வெட்டர், பிளேசர், கயிறு இல்லாத ஷூ. 1965-இல் ஜப்பான்காரர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கே போய் மாணவர்களைப் படம் பிடித்து, 'டேக் ஐவி' என்று ஒரு புத்தகமே போட்டார்கள். அந்த அளவுக்கு மோகம்!

இதில் ஸ்வெட்டரையும் பிளேசரையும் விட்டுவிடுவோம். குன்றத்தூர் வெயிலுக்கு அது ஆகாது. மீதியைப் பாருங்கள். அந்த ஸ்டைலில் கோடைக்காலத்துக்கு ராஜா யார் தெரியுமா? கட்டம் போட்ட பருத்திச் சட்டை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மெட்ராஸ்'. ஆமாம், நம்ம மெட்ராஸேதான்! நம் அப்பாக்கள் ஆறு நாள் ஒரகடம் கம்பெனி யூனிஃபார்ம் போட்டுவிட்டு ஏழாம் நாள் கட்டிக்கொண்டு உட்காருகிறார்களே கைலி, அந்தக் கட்டம்தான் அங்கே காலேஜ் பையன்களின் கௌரவம்.

இது நேற்று நடந்த சமாச்சாரம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கடற்கரைக்கு வந்ததே துணிக்காகத்தான். 1734-இல் நெசவாளர்களுக்கென்றே உருவாக்கிய ஊர் சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே அப்படி மாறியதாகச் சொல்வார்கள். இங்கிருந்து கப்பல் ஏறிய கட்டத் துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் 'இன்ஜிரி' என்று பெயர் வைத்துத் தங்கள் சடங்குகளுக்கே வைத்துக்கொண்டார்கள். மேற்கிந்தியத் தீவான செயின்ட் லூசியாவில் தேசிய உடையிலேயே மெட்ராஸ் கட்டம் இருக்கிறது. நாமோ கைலியோடு கடைக்குப் போன பையனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

1958-இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இன்னும் ருசி. பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அப்போது துணி ஏற்றுமதியாளர். அவர் அமெரிக்க வியாபாரி ஒருவருக்கு 10,000 கெஜம் கட்டத் துணி விற்றார். சாயம் போகும், குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசணும் என்று சொல்லியே கொடுத்தார். வாங்கியவர் அதை நியூயார்க்கின் 'ப்ரூக்ஸ் பிரதர்ஸ்' கடைக்கு விற்றார். ஆனால் அந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். முதல் சலவையிலேயே கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒரே ரகளை. வழக்கு என்கிற அளவுக்குப் போனது. கடைசியில் என்ன செய்தார்கள்? 'சாயம் போகும், உத்தரவாதம்!' என்று அதையே விளம்பரமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுச் சட்டை மாதிரி என்று பிள்ளைகள் தேடித் தேடி வாங்கினார்களாம். நம்ம அம்மாக்கள் என்றால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்!

காக்கி பேன்ட்டும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். 1840-களில் பெஷாவர்ப் பகுதியில் ஆங்கிலேயர் திரட்டிய 'கைட்ஸ்' படையில், புழுதியோடு புழுதியாகத் தெரியணும் என்று துணியை மண் நிறத்தில் தோய்த்தார்கள். காக்கி என்றாலே மண் நிறம் என்றுதான் பொருள்.

இப்போது செய்ய வேண்டியது சுலபம். முதலை படம் ஒட்டிய போலி டி-சர்ட்டுக்குப் பணம் போடாதீர்கள். இரண்டு துவைப்புக்கு முதலை ஓடிப்போகும். கட்டத் துணியாக எடுங்கள். எடுக்கும்போது திருப்பிப் பாருங்கள். நூலிலேயே சாயம் ஏற்றிப் பாவிலும் ஊடையிலும் நெய்த கட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அச்சடித்தது என்றால் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறித் தெரியும். சந்தேகம் இருந்தால் நம் ஊர்ப் பட்டுத் தறிக்காரர் வீட்டுப் பையன் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், கை வைத்ததுமே சொல்லிவிடுவான்.

தைக்கக் கொடுக்கும்போதுதான் கவனம் வேணும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்காரணும். 'வளர்ற பையன், கொஞ்சம் லூசா தைங்க' என்று அம்மா சொல்வார்கள். நீளத்தில் மட்டும் விடச் சொல்லுங்கள், தோளில் வேண்டாம். பாக்கெட்டின் கட்டமும் சட்டையின் கட்டமும் ஒரே கோட்டில் சேரணும். அதற்குத் துணி கூடுதலாகப் பிடிக்கும், முதலிலேயே தையல்காரரிடம் கேட்டு வாங்குங்கள். காலர் நுனியில் இரண்டு சின்னப் பட்டன், இரண்டு காஜா. ப்ரெப்பி அவ்வளவுதான்! சட்டையில் கட்டம் இருக்கும்போது பேன்ட் சாதாவாக இருக்கட்டும். ஷூ பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம், பள்ளிக்குப் போடும் கறுப்பு ஷூவைத் துடைத்துப் போட்டாலே கம்பீரம்.

கோட்டு போட்டால்தான் பெரிய மனுஷன் தோற்றம் வரும் என்று ஒரு அண்ணன் என்னிடம் வாதாடினார். இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்கணும். தைத்த சட்டை காலேஜ் முதல் நாளுக்கும் வரும், கம்பெனி இன்டர்வியூவுக்கும் வரும், தம்பிக்கும் வரும்.

ஆகவே இந்த வருஷம் விழாவுக்கு எல்லோருக்கும் கட்டம் போட்ட சட்டை, காக்கி பேன்ட் என்று வைக்கலாம் என்பது என் யோசனை. ஒரே நிறக் கட்டம் வேண்டாம், அவரவர் விருப்பம். வீட்டில் ஏற்கெனவே கட்டச் சட்டை இருப்பவர்கள் புதுசு எடுக்கவே வேண்டாம். தலைமையாசிரியர் ஐயாவுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், முதல் கையெழுத்து என்னுடையது. பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வந்தால் பேனா தயாராக இருக்கும்.

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு