"இந்தியருக்கு அறை இல்லை!" நாம் ஏன் எழுதி வைக்க வேண்டும்?



கிள்ளானிலிருந்து ஒரு தாய், மகளை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். மகளுக்குச் சுபாங் ஜெயாவில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. எஸ்.எஸ். 15-இல் அறை தேடி ஏழு இடங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "இந்தியரா?" பதிலும் ஒன்றுதான்: "சாரி, ஓனர் கொடுக்க மாட்டார்." இப்போது அந்தப் பிள்ளை விடியற்காலையில் கொமுட்டர் பிடித்து ஓடுகிறாள்.

"கேஸ் போடலாமா சார்?" என்று கேட்டார் தாய். போட வழியில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன்? கூட்டரசு அரசியல் சாசனத்தின் 8-வது பிரிவு இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, தனியாரை அல்ல. கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. வேலை விஷயத்தில் பிறகு ஒரு கதவு திறந்தது. 2023 ஜனவரி முதல், பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். வாடகை வீட்டுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. இன ஒதுக்கலுக்கு எதிரான அனைத்துலக உடன்படிக்கையில் கையெழுத்திடப் போவதில்லை என்று 2018 நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. 2019-இல் வெளியிட்ட தேசிய வீடமைப்புக் கொள்கையில், வாடகைக் குடியிருப்புச் சட்டம் வரும் என்றார்கள். அதன் பிறகு அமைச்சர்கள்தான் மாறினார்கள்.

"வாடகை கட்டமாட்டார்கள், வீட்டை நாசமாக்குவார்கள்" என்கிறார்கள். அதற்குத்தானே இரண்டு மாத முன்பணம் வாங்குகிறார்கள்? தண்ணீர், மின்சாரத்துக்கு இன்னும் அரை மாதம் தனியாக. பணம் கட்டாதவனை வெளியேற்றவும் சட்டம் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் நிறத்தைப் பார்த்து அவள் கணக்கை எப்படி எழுத முடியும்?

ஒன்றை மறைக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு வைத்திருக்கும் நம்மவர்களிலும் "இந்தியர் வேண்டாம்" என்பவர்கள் உண்டு. சாதி கேட்பவர்களும் உண்டு. அவர்களையும் கேட்காமல் அடுத்தவனை மட்டும் கேட்பது நியாயமா?

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் கறுப்பருக்கு அறை இல்லை என்று ஜன்னலில் எழுதி வைத்தார்கள். 1965-இல் வந்த இன உறவுச் சட்டம் வீட்டை விட்டுவிட்டது. 1967-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆங்கிலேயர், ஹங்கேரியர், மேற்கிந்தியர் மூவரையும் ஒரே வீட்டுக்கு விசாரிக்க அனுப்பினார்கள். கறுப்பருக்கு மட்டும் கதவு எப்படி மூடுகிறது என்பது எழுத்தில் வந்தது. 1968-இல் சட்டம் வீட்டையும் சேர்த்துக்கொண்டது. முதலில் ஆதாரம், பிறகு சட்டம்!

நாமும் அதைச் செய்யலாம். வக்கீல் வேண்டாம், காசு வேண்டாம்.

1. "இந்தியர் வேண்டாம்" விளம்பரத்தைப் படமெடுத்துத் தேதி, இடத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

2. ஒரே அறைக்கு ஒரே நாளில் இரண்டு பேர் போன் செய்யுங்கள். ஒருவர் தமிழர், ஒருவர் வேறு இனத்து நண்பர். வந்த பதிலை அப்படியே எழுதுங்கள்.

3. ஏஜெண்ட் என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொத்து ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்துக்கும் சுஹாகாமுக்கும் கடிதம் எழுதுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கோபத்தில் ஓனரின் பெயர், எண்ணை பேஸ்புக்கில் போடாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஒரு கடிதத்தால் நாளையே அறை கிடைத்துவிடாது. ஆனால் "அப்படி எதுவும் நடப்பதில்லையே" என்று அதிகாரி சொல்லும்போது, மேசையில் வைக்க நூறு தாள்கள் இருக்க வேண்டும்.

நம் தாத்தாவுக்குத் தோட்டத்தில் லயம் கிடைத்தது. வேலை போனால் வீடும் போனது. அதனால்தான் பிள்ளையைப் படிக்க வைத்தோம். அந்தப் பிள்ளை புத்தகப் பையோடு அறை தேடி நிற்கிறாள். அவளுக்கு நடந்ததை இன்று இரவே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.