புளொக் கார்ட்: கழட்ட முதல் அளந்து பாருங்கோ

பாவிச்ச பழைய ஹொண்டா சிவிக் ஒண்டை வாங்கி எஞ்சினைத் திறந்தால், சில நேரம் உள்ளுக்க அழையாத விருந்தாளி ஒண்டு இருக்கும். நாலு சிலிண்டரையும் சுத்தி, தண்ணி ஓடவேண்டிய இடத்தில, இறுக்கி அடிச்சு வைச்ச ஒரு அலுமினியத் துண்டு. பேர் புளொக் கார்ட். ஹொண்டா போட்டதில்லை. முதல் வைச்சிருந்த ஆரோ எஞ்சினைப் பலப்படுத்துறன் எண்டு போட்டது. அதைக் கண்டவுடன ரெண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சி 'உடன கழட்டி எறி' எண்டும், மற்றது 'தொடாத, ஸ்ட்ரோங்கா இருக்கு' எண்டும் சொல்லும். எங்கட நிலைப்பாடு இதுதான்: சாதாரணமாய் ஓடுற காரில் அந்தத் துண்டுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அளக்காமல் அதைக் கழட்டுறதும், அளக்காமல் போட்ட அதே பிழைதான்.

1990களில் வந்த ஹொண்டாவின் டி, பி வரிசை எஞ்சின்களின் புளொக் அலுமினியத்தில் வார்த்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைகளுக்கு மட்டும் வார்ப்பிரும்பு ஸ்லீவ். சிலிண்டர் ஹெட்டைக் கழட்டிவிட்டு மேலேயிருந்து பார்த்தால், நாலு உருளையும் ஒட்டின மாதிரி நடுவில் நிற்கும். அவற்றைச் சுற்றி அகழி போல ஒரு இடைவெளி. மேல்முனையில் வெளிச்சுவரோடு எந்தத் தொடுப்பும் இல்லை. இதைத்தான் 'ஓப்பன் டெக்' என்கிறார்கள். பார்க்கப் பலவீனமாய்த் தெரியும். ஆனால் அது காரணத்தோடு செய்த வேலை. இப்படி வார்ப்பது சுலபம், செலவும் குறைவு. அதோடு எரிபொருள் வெடித்து எரிகிற மேல்பக்கம்தான் சிலிண்டரில் அதிகம் சூடாகும் இடம். அங்கே முழுச் சுற்றிலும் தண்ணி போய்ச் சேரும்.

பிரச்சினை டேர்போ போடும்போது வரும். சிலிண்டருக்குள் அமுக்கம் கூட, தனியே நிற்கும் உருளைகளின் மேல்முனை மெல்ல அசையும். ஹெட் கஸ்கெற் கசியும், மோசமானால் ஸ்லீவ் வெடிக்கும். அகழிக்குள் ஒரு துண்டை இறுக்கி வைத்தால் அசையாது என்பதுதான் புளொக் கார்ட்டின் தத்துவம். யோசனை பிழையில்லை. புளொக்கைக் கடைந்து ஒழுங்காக்கும் லேத்காரர் கையில், அளவாய்ப் பொருத்தி, பிறகு சிலிண்டரைக் கடைந்து ஹோன் பண்ணி, பந்தயத்துக்கு ஓட்டினவர்கள் இருக்கிறார்கள். அப்படியானவர்களும் அமுக்கம் கூடக் கூட, மேலே மூடின தடித்த ஸ்லீவுகளைப் போட்டு முழுப் புளொக்கையும் மாற்றுவதைத்தான் நாடுவார்கள்.

ஆனால் எங்கட ரோட்டில் ஓடுற ஈகே3 சிவிக்குக்கு இது எதுக்கு? 1,493 சிசி எஞ்சின், டேர்போவும் இல்லை. 1997இல் ஹொண்டா விட்ட சிவிக் டைப் ஆர், 1.6 லீற்றரில் டேர்போ இல்லாமல் 185 குதிரைவலு எடுத்தது, அதுவும் நிமிடத்துக்கு 8,200 சுழற்சியில். அதுவும் ஓப்பன் டெக் புளொக்தான். தொழிற்சாலையே வேண்டாம் எண்டு விட்ட பலத்தை, வேலைக்குப் போய்வரும் காருக்குப் போட்டு என்ன பிரயோசனம்?

பிரயோசனம் இல்லாட்டி விடலாம். தீமை இருக்கிறதுதான் விசயம். தண்ணி தாராளமாய்ப் போன வழியில் இப்ப சில ஓட்டைகள் மட்டும். அதிகம் சூடாகும் இடத்திலேயே ஓட்டம் குறையும். சுத்தியலால் அடிச்சு இறக்கின துண்டு ஸ்லீவை உள்ளுக்கு நெருக்கும், வட்டமாய் இருந்த சிலிண்டர் நீள்வட்டமாகும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். அதிலை கொஞ்சம் கோணினாலே ஒயில் எரியும், அமுக்கம் குறையும்.

இந்த நாட்டில் இது சின்ன விசயமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்குத் திரும்ப அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த அஞ்சு வருசமும் இருபது, இருபத்தஞ்சு வயசுக் கார்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடினது. ஒரு பெடியன் சேர்த்த காசு, வீட்டில் வாங்கின கடன் எல்லாம் அந்த ஒரு புளொக்கில் இருக்கு. அது பழுதானால் இன்னொண்டு தேடுறது லேசில்லை.

அப்ப கழட்டலாமா? கார் சூடாகாமல், தண்ணி குறையாமல், ஒயில் எரிக்காமல் ஓடினால் இதுக்காக மட்டும் எஞ்சினைத் திறக்காதேங்கோ. வேறு தேவைக்கு ஹெட் கழட்டுற நாளில் முடிவெடுங்கோ. அண்டைக்கு முதல் வேலை, துண்டு உள்ளுக்க இருக்கும்போதே போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று இரண்டு திசையில் அளந்து எழுதுவது. துண்டைப் போட்ட பிறகு ஹோன் பண்ணின எஞ்சின் என்றால், இப்ப வட்டமாய் இருக்கும். கழட்டின பிறகுதான் கோணும். ஹோன் பண்ணாமல் அடிச்சு இறக்கினது என்றால், இப்ப கோணலாய் இருக்கும். கழட்டினால் ஓரளவுக்குத் திரும்பலாம். ரெண்டுக்கும் வைத்தியம் வேறு. அளவு இல்லாமல் எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

கழட்டும்போது ஸ்குரூட்றைவரை ஸ்லீவுக்கும் துண்டுக்கும் நடுவில் விட்டு நெம்பக்கூடாது. துண்டில் சிறு ஓட்டைகள் போட்டு, மரை வெட்டி, போல்ட் பூட்டி, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாய் நேரே மேலே இழுக்க வேணும். துளையிடும் அலுமினியத் தூள் தண்ணிப் பாதைக்குள்ளோ சிலிண்டருக்குள்ளோ விழுந்தால், பிறகு அதுதான் அடுத்த வருத்தம். முதலே மூடி, முடிவில் கழுவி எடுக்க வேணும். ஒட்டவைச்சு வெல்ட் அடிச்சிருந்தால் கராஜில் தொடாமல் லேத்துக்குக் கொண்டுபோங்கோ. பிறகு திரும்ப அளக்க வேணும். அளவு ஹொண்டாவின் கைந்நூல் சொல்லும் எல்லையைத் தாண்டினால் கடைந்து, பெரிய அளவுப் பிஸ்டன் போடத்தான் வேணும். புளொக்கின் மேல்தளம் மட்டமாய் இருக்கோ எண்டும் பார்த்து, புது ஹெட் கஸ்கெற்றோடு மூடுங்கோ.

காரில் எதையாவது கூட்டிப் போட்டால்தான் எங்கட பெடியளுக்கு மதிப்பு. கழட்டின சாமானை ஒருத்தரும் படம் எடுத்துப் போடுறேல்லை. அதனாலதான் சேர்க்கிற வேலைக்குக் கை நிறைய இருக்கு, அளக்கிற வேலைக்குக் கை குறைவு. ஹெட்டைக் கழட்டக் குடுக்க முதல் மெக்கானிக்கிட்ட ஒரேயொரு கேள்வி கேளுங்கோ: 'அண்ணை, போர் கேஜ் இருக்கோ?' இல்லை எண்டால், அந்த எஞ்சினை அங்க திறக்க விடாதேங்கோ.