சாய்ப்பில் கிடக்கும் மிதிவண்டி



பூதப்பாண்டி வட்டாரத்தில் வீடு சந்திக்கச் செல்லும்போது அடிக்கடி கண்ணில் படும் பொருள் ஒன்று உண்டு. புறவாசல் சாய்ப்பில், விறகுக்கும் தென்னை ஓலைக்கும் நடுவே, ஒரு மிதிவண்டி சாய்ந்து கிடக்கும். கேட்டால், "பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது சாமி, அவள் படித்து முடித்துவிட்டாள்" என்று விடை வரும். அப்பிள்ளையின் தாயோ வயல் வேலைக்கும் ரேஷன் கடைக்கும் கால் கடுக்க நடந்துகொண்டிருப்பார். பழைய இரும்புக்காரர் வரும் நாளில் அவ்வண்டி எடைக்குப் போடப்படும்.

தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிற்று. பின்னர் அத்திட்டம் விரிந்து மற்ற மாணவ மாணவியரையும் எட்டியது. பள்ளி முடிந்ததும் வண்டியின் ஆயுளும் முடிந்ததென்று நாமே தீர்மானித்துக்கொள்வது ஏனோ தெரியவில்லை.

"அம்மாமார் இனிமேலா சைக்கிள் படிப்பது?" என்று சிரிப்பவர்கள் புதுக்கோட்டையை நினைவுகூரட்டும். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். வயல் கூலிகளும் கல் உடைப்பவர்களும் ஓட்டக் கற்றனர். 1992 மார்ச்சு 8, மகளிர் நாளன்று, ஏறக்குறைய 1,500 பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலமாக வந்தனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியையே ஏற்றுக்கொண்டனர். முன்னால் இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு! ஆகவே சாய்ப்பில் கிடப்பது மகனுடைய வண்டியே ஆனாலும் குற்றமில்லை.

இனி, வேலைக்கு வருவோம். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. இரும்பு செந்நிறம் கொள்வது இயல்பே. ஆனால் துருவைக் கண்டு அஞ்சுவோர் பிழையான இடத்தில் அஞ்சுகின்றனர். கிடந்த வண்டியில் முதலில் சாவது ரப்பர். அடுத்து, உள்ளே உறைந்துபோன கிரீஸ். இரும்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். பலர் முதல் வேலையாகப் பெயிண்ட் வாங்கி வருகிறார்கள். அது கடைசி வேலை. இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்.

முதலில் சட்டத்தையும் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கையும் துணியால் துடைத்து, வெயிலில் நிறுத்திக் கூர்ந்து பாருங்கள். போர்க்கின் மேற்பகுதியிலோ பற்றவைத்த இடங்களிலோ வெடிப்பு இருந்தால், துரு குழி விழுந்து தகட்டைத் தின்றிருந்தால், அதற்குமேல் செலவிட வேண்டாம். வெடித்த போர்க்கைப் பற்றவைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேளாதீர்கள். அது ஓட்டத்தில் ஒடிந்தால் ஓட்டுபவர் முகங்குப்புற விழுவார்.

சட்டம் நலமெனில், டயரை விரலால் மடக்கிப் பாருங்கள். பக்கச் சுவரில் நூல் தெரியுமளவு வெடித்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். காற்று நிற்கவில்லை என்பதற்காக உடனே புது டியூப் வாங்கிவிட வேண்டாம். நம் பழைய வகை வால்வுக்குள் ஒரு சிறு ரப்பர்க் குழாய் இருக்கிறது. கடைக்காரர் அதை 'வால்டியூப்' என்பார். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும். மிகச் சொற்பச் செலவில் மாற்றலாம். அதன் பின்னும் காற்று இறங்கினால் டியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பாருங்கள்.

சக்கரத்தின் அச்சில்தான் பொறுமை வேண்டும். கழற்றினால் பழைய கிரீஸ் சந்தனக்கட்டி போல இறுகியிருக்கும். பால்ரஸ்களை எண்ணி ஒரு கிண்ணத்தில் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள் (அடுப்பங்கரையில் அல்ல, முற்றத்தில்). குழி விழுந்தவற்றை நீக்கி, புது கிரீஸ் வைத்து முடுக்குங்கள். சக்கரத்தைத் தூக்கி மெல்ல விட்டால், வால்வு தன் எடையாலேயே கீழே வந்து, சிறிது ஆடி நிற்க வேண்டும். அப்படி வந்தால் முடுக்கம் சரி. பெடல் கழற்றுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது; வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். இதை அறியாமல் பலங்கொண்ட மட்டும் எதிர்ப்பக்கம் திருகி மரையைக் கெடுத்தவர் எத்தனையோ பேர்!

செயினில் தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர் வழக்கம். வீட்டில் இருக்கிறதே என்று விடுகிறோம். அது புழுதியைச் சேர்த்துப் பிசுக்காகிவிடும். மெல்லிய மெஷின் எண்ணெயே ஏற்றது. 24 கண்ணிகளை அடிக்கோலால் அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிரீவீலுக்குள்ளும் எண்ணெயே விடவேண்டும். கிரீஸ் வைத்தால் உள்ளிருக்கும் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் உள்ள மேல்துருவுக்கு, பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி தேய்த்துக் கழுவி, ஈரமற உலர்த்தினால் போதும்.

சக்கரம் ஆடினால் கோட்டம் எடுப்பதைக் கடைக்காரரிடமே விடுங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒருபுறம் இறுக்கி மறுபுறம் தளர்த்தும் அந்தக் கைப்பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னும் அவ்வாறே. வீட்டில் சுத்தியலால் அடித்தால் வளைந்து நிற்கும்.

ஏறுவதற்கு முன் பிரேக். கம்பி பிரேக்காயினும் வயர் பிரேக்காயினும், கிடந்து கல்லாய்ப் போன கட்டைகளை மாற்றிவிடுங்கள். ரிம்மில் எண்ணெய் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு பிரேக் போதும் என்று ஓட்டும் இளைஞர்களிடம் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. நன்றாகப் பிடிக்கும் பிரேக்கும் மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் வழுக்கும். ஆகவே மழைநாளில் முன்னதாகவே பிடிக்கப் பழகுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் போதாது, நனைந்த சாலையில் தள்ளிக் காட்டுங்கள்.

இத்தனையும் முடிய இரண்டு சனிக்கிழமைகள் ஆகலாம். ஓட்டப்போகிறவரே ஸ்பேனரைப் பிடிக்கட்டும், தாயாயினும் மகளாயினும். வழியில் செயின் கழன்றால் பிறரை எதிர்பார்த்து நிற்க வேண்டியிராது. பத்து நாள் ஓட்டிய பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முடுக்குங்கள். புதிதாக ஏறிய பிரேக் கட்டையும் ஸ்போக்ஸ் கம்பியும் அதற்குள் சற்றுத் தளர்ந்திருக்கும்.