பின்காற்றை நம்பலாமா?

விடுமுறை நாட்களில் கிர்காவ் சௌபாட்டிக்குச் சென்று துடுப்புப் படகு பழகும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உளர். மகிழத்தக்கதே. ஆயின் நம்மிற் பலர் சென்னைக் கடற்கரையின் பழக்கத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். அங்கே பிற்பகற் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வந்து கரையை நோக்கித் தள்ளும். காற்று வீசினால் கரை சேரலாம் என்பது நம் மனத்தில் ஊறிய எண்ணம். மும்பையில் அந்தக் கணக்கு செல்லாது.

பாக் பே என்னும் இவ்வளைகுடா தென்மேற்கே வாய்திறந்து கிடக்கிறது. மேற்கே மலபார் குன்று. தலைமாட்டில் சௌபாட்டி மணல். கிழக்கே மரைன் டிரைவ் வளைந்து சென்று நாரிமன் முனையை எட்டுகிறது. மார்ச் முதல் மே வரை பிற்பகலில் எழும் கடற்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருவது. அது குன்றைக் கடந்தே வளைகுடாவில் இறங்கவேண்டும். ஆகவே குன்றின் மறைவில் நீர் குளம்போல் தோன்றும். அதை நம்பிப் பிள்ளை படகைத் தள்ளுகிறான். வெளியே செல்லச் செல்ல மறைவு நீங்கிக் காற்று முழுவலுவோடு முதுகிற் படுகிறது. நீரின்மேல் காற்று ஓடும் தொலைவு கூடுந்தோறும் அலையும் உயர்கிறது.

பின்காற்றுப் பயணத்தின் இன்பத்தை நாம் மறுக்கவில்லை. பின்னே வரும் அலை படகின் வாலைத் தூக்கும் கணத்தில் நாலு துடுப்பு அழுத்திப் போட்டால், படகு தானே சறுக்கி ஓடும்! வஞ்சனையும் அதிலேதான் இருக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்றோடு 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு 12 கிலோமீட்டர்க் காற்றே உறைக்கும். 5 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப முயன்றால் முகத்தில் அறைவது 25.

திரும்ப இயலாதவனைக் காற்று எங்கே சேர்க்கும்? மரைன் டிரைவின் அலைதடுப்புக் கற்களில். நான்கு கால் பரப்பிய அந்தக் கான்கிரீட் குவியலில் படகை ஏற்ற இடமில்லை. நம் அன்பர் ஒருவரின் மகன் இவ்வாறே அகப்பட்டுக்கொண்டான். மீன்பிடி தோணிக்காரர் ஒருவர் கயிறு வீசி இழுத்து வந்தார். "குன்றின்மேல் மரங்கள் ஆடியதைப் பார்க்கவில்லையா?" என்று மட்டும் அவர் கேட்டாராம்.

மரங்களைப் பார்க்கவேண்டும், தொலைநீரையும் பார்க்கவேண்டும். அங்கே வெண்ணுரைத் தலைகள் நிறைந்திருந்தால் பழகுபவன் கரையிலேயே இருத்தல் நலம். செல்வதாயின் முதலில் எதிர்காற்றில் சென்று, வலு குறையுமுன் பின்காற்றில் திரும்புக. மிதவைச் சட்டையை ஒருபோதும் கழற்றலாகாது.

குளிர்காலக் காலைகளில் பெற்றோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அப்போது வடகிழக்கு நிலக்காற்று கரையிலிருந்து வளைகுடாவின் வாயை நோக்கி வீசும். கரையோர நீரில் ஒரு சுருக்கமும் இராது. படகோ திறந்த கடலை நோக்கி நழுவும். ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவத்தின் அலைகள் அதே வாய்வழியே நேராக உட்புகும். செப்டம்பர் கழியும்வரை துடுப்பு வீட்டுப் பரணில் கிடக்கட்டும்.