சொன்னது ஒன்று, அச்சில் வந்தது வேறொன்று!

"இன்டர்நெட்டைக் கண்டுபிடித்ததே நான்தான்!" அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த அல் கோர் இப்படிப் பீற்றிக்கொண்டதாக உலகமே சிரித்தது.

அவர் அப்படிச் சொல்லவே இல்லை, சார்!

1999 மார்ச் 9-ந் தேதி சி.என்.என். டெலிவிஷன் பேட்டியில், காங்கிரஸ் சபையில் இருந்தபோது இன்டர்நெட்டை உருவாக்க முன்முயற்சி எடுத்ததாகத்தான் சொன்னார். பெருமை கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் வெறும் வாய்ச்சவடால் இல்லை. கம்ப்யூட்டர் வலைப்பின்னலுக்கு அரசுப் பணம் கிடைக்க வழி செய்த 1991-ம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தவரே அவர்தான்.

'வயர்டு நியூஸ்' என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் அந்தப் பேச்சைக் கேலி செய்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? கறுப்பாய் வாந்தி எடுத்தவன், காக்காயாய் வாந்தி எடுத்த கதைதான்! "முயற்சி எடுத்தேன்" என்பது "கண்டுபிடித்தேன்" ஆகிவிட்டது.

இன்டர்நெட்டின் அடிப்படை விதிகளை வகுத்த விண்டன் செர்ப், ராபர்ட் கான் இருவருமே 2000-ம் ஆண்டு கோருக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள். யார் காதில் ஏறியது? இன்றைக்கும் அந்தப் பொய்தான் நிற்கிறது.

கொலை, கொள்ளை செய்தியில் தப்பு வந்தால் தெருக்காரர் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கம்ப்யூட்டர் செய்தியில் அப்படி இல்லை. படிப்பவர் எழுதுபவரை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த நம்பிக்கையிலேயே கை வைக்கலாமா?

சொன்னதைச் சொன்னபடி போடட்டும். அதற்குக் கீழே எத்தனை குட்டு வேண்டுமானாலும் வைக்கட்டும். அடுத்தவர் வாயில் வார்த்தையைத் திணிக்க எந்தப் பேனாவுக்கும் உரிமை கிடையாது!